‘வந்துட்டே இருக்கா’: வெள்ளத்துக்குப் பின் ஒரு சிறுவனின் பிரிவுப் பதற்றம் – நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்டில் குழந்தை மருத்துவர் ஒருவரின் பரிந்துரைச் சீட்டோடு எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாயும் ஆச்சியும் உளவியல் சிகிச்சை அளிக்கும் என்னிடம் அழைத்து வந்தார்கள். ‘காலை நேர வயிற்றுவலி, உடலில் காரணம் எதுவும் இல்லை, பள்ளிக்குச் செல்வதில்லை’ என்று சீட்டில் எழுதியிருந்தது. பெற்றோரின் இசைவோடு எழுதப்படும் இந்த ஆய்வில், குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் நான் செய்த தவறுகளையும் மாற்றவில்லை.

குடும்பம் திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் வசிக்கிறது. தந்தை சவூதியில் ஓட்டுநர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். தாய் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்து, மறுநாளைக்கான இலையும் தூளும் வாங்கி வர வாரத்தில் ஐந்தாறு நாள் பிற்பகலில் வெளியே போவார். அந்த நேரத்தில் சிறுவனைப் பார்த்துக்கொள்வது ஆச்சி. தெருமுனையிலிருந்த சிறிய பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன், 2024 ஜூன் 10 அன்று பள்ளிகள் திறந்தபோது பாளையங்கோட்டையில் உள்ள பெரிய பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பில் சேர்க்கப்பட்டான். வேனில் ஏறி, தாமிரபரணியின் மேலுள்ள சுலோசனா முதலியார் பாலத்தைக் கடந்து போக வேண்டும்.

முதல் வாரத்திலேயே வயிற்றுவலி தொடங்கிவிட்டது. காலை ஆறரைக்கு எழுந்து, பல் தேய்க்கும்வரை ஒன்றுமில்லை. சீருடையைக் கையில் எடுத்ததும் ‘வவுறு வலிக்கி’ என்று சுருண்டு படுப்பான். சில நாள் வாந்தியும் எடுப்பான். வேன் போய் அரை மணி நேரம் கழித்து வலி அடங்கிவிடும். சனி, ஞாயிறுகளில் வலியே கிடையாது. ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை அவன் பள்ளிக்குப் போன நாட்கள் பாதிக்கும் குறைவு. போன நாட்களிலும் பலமுறை இரண்டாம் பாடவேளைக்குள் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்து, தாய் ஆட்டோவில் போய்க் கூட்டி வந்திருக்கிறார்.

இரத்தம், சிறுநீர், வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தாகிவிட்டது. பூச்சி மருந்தும் கொடுத்தாகிவிட்டது. அதற்கு முன்பே ஆச்சி தொக்கம் எடுக்க, அதாவது வயிற்றில் சிக்கியதாக நம்பப்படும் உணவை நாட்டு வைத்திய முறையில் வெளியே எடுக்க, அழைத்துப் போயிருந்தார். மூன்று வெள்ளிக்கிழமை மந்திரித்து, இடுப்பில் தாயத்தும் கட்டியிருந்தார். என்னிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம், ‘எம்மா, இது பயந்த கோளாறுதான். டாக்டருமாரு ஒத்துக்கிட மாட்டேங்காவ’ என்பது. எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். குழந்தையின் வயிற்றில் தெரியும் நோய்க்கு வேர் பயத்தில் இருக்கிறது என்பதை, ஸ்கேன் எடுத்த எவருக்கும் முன்னால் ஆச்சி சொல்லிவிட்டார். எதைப் பார்த்துப் பயம், அது ஏன் போகவில்லை என்ற இரண்டு கேள்விகள்தான் மிச்சம் இருந்தன.

வலி நடிப்பா?

தந்தை காணொளி அழைப்பில் கேட்டது இதைத்தான்: ‘ஸ்கூலுக்குப் போவாம இருக்கதுக்கு நடிக்கானா மேடம்?’ பதற்றம் கொண்ட குழந்தைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இது. இதற்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால் வீட்டில் அடியும் அழுகையும் நிற்காது. மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பின் வடிவில் இருக்கும் அமிக்டலா, ஆபத்து என்று எதையாவது கணித்துவிட்டால், யோசிக்கும் பகுதி விசாரித்து முடிக்கும்வரை அது காத்திருப்பதில்லை. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, ஓடவோ எதிர்க்கவோ தசைகளுக்கு இரத்தம் தேவைப்படுவதால் குடலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது, செரிமானம் பாதியில் நிற்கிறது. குமட்டலும் இறுக்கிப் பிடிக்கும் வலியும் அதனால் வருபவை. பெரியவர்கள் இதைப் ‘பதற்றம்’ என்று பெயரிட்டுச் சொல்லிவிடுவார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு அந்தச் சொல் இல்லை. வயிறு இருக்கிறது, அதைச் சொல்கிறது. வலி மெய்யானது என்று தந்தையிடம் விளக்கிச் சொன்னதோடு, ‘ஆம்பளப் பிள்ள அழலாமா’ என்ற வாக்கியத்தை நிறுத்திவிடுமாறும் கேட்டுக்கொண்டேன். அவர் நிறுத்தினார்.

2023 டிசம்பரில் நடந்தது

சிறுவனுக்கு ஏழரை வயதாக இருந்தபோது, 2023 டிசம்பர் 16, சனிக்கிழமை மாலை, பிள்ளை பெற்றிருந்த தங்கையைப் பார்க்கத் தாய் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனார். ஞாயிறு மாலை திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிறு விடியற்காலையில் தொடங்கிய மழை எங்கள் நான்கு தென்மாவட்டங்களையும் மூழ்கடித்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து தாமிரபரணி கரை கடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சாலை, ரயில், மின்சாரம், கைபேசிக் கோபுரம் என்று ஒவ்வொன்றாக அறுந்த அந்த நாட்களில், தாய் அக்கரையில் ஒரு மச்சு வீட்டில் இருந்தார். சிறுவனும் ஆச்சியும் இக்கரையில் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் இருந்தார்கள். ஞாயிறு இரவு தாய் கடைசியாகப் பேசியபோது, ‘சார்ஜ் இல்ல மக்கா, வச்சிருதேன்’ என்றார். அதற்குப் பிறகு புதன்கிழமை பிற்பகலில் அவர் நேரில் வந்து நிற்கும்வரை செய்தி எதுவும் இல்லை.

அந்த மூன்று நாளும், சிறுவன் கேட்ட ஒவ்வொரு முறையும் ஆச்சி சொன்ன பதில் ஒன்றுதான்: ‘அம்மா வந்துட்டே இருக்கா.’

என் தவறு

இந்த வரலாற்றைக் கேட்டவுடன் விடை கிடைத்துவிட்டதாக நான் நம்பிவிட்டேன். பேரிடருக்குப் பின் குழந்தைகளிடம் வரும் அதிர்ச்சி விளைவு என்று முடிவுகட்டி, முதல் மூன்று அமர்வுகளை வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதிலேயே செலவிட்டேன். சிறுவன் சலிப்பில்லாமல் பேசினான். மாடிப்படியில் தண்ணீர் எத்தனை படி ஏறியது, எந்த வீட்டு ஆடு எப்படி மிதந்து வந்தது, படகில் வந்தவர்கள் என்ன ரொட்டி கொடுத்தார்கள் என்று ஒரு கதைசொல்லியைப் போலச் சொன்னான். கையில் நடுக்கம் இல்லை; பேச்சில் தயக்கம் இல்லை. நான் சற்று முன்பே நிதானித்திருக்க வேண்டும். அதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறு உள்ள குழந்தை, பொதுவாக அந்த நிகழ்ச்சியின் நினைவையே தவிர்க்கும். அல்லது விளையாட்டில் அதையே திரும்பத் திரும்ப நிகழ்த்தும். மழை இருட்டினால் வெளிறிப்போகும். இவனோ ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போய் முங்கிக் குளித்துக்கொண்டிருந்தான். தாய் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தால் போதும். தண்ணீரைக் கண்டு அவனுக்கு அச்சமே இல்லை. தாயோடு பேருந்தில் போகும்போது பாலத்தின் ஜன்னலோர இருக்கைக்காக அடம்பிடிப்பவனும் அவனேதான்.

நான்காம் அமர்வில் தாய், ஒரு பொருட்டாக நினைக்காமல் சொன்ன இரண்டு செய்திகள் என்னைத் திருப்பின. ஒன்று, அவர் பீடிக் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு கால் செருப்பு அடிக்கடி காணாமல் போகிறது. தேடினால் அரிசிப் பானைக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ கிடைக்கிறது. இரண்டு, அவன் ஒரு நாளில் பலமுறை அவருடைய கைபேசியை எடுத்துப் பார்க்கிறான். விளையாடுவதற்கு அல்ல, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் அழுகை. அதோடு, ஜனவரி முதலே அவன் தாயின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறான். அவர் தொலைந்துபோவதாகக் கனவு கண்டு எழுகிறான்.

அவனுடைய பயம் வெள்ளத்தைப் பற்றியதே அல்ல. தாய் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை உடைந்துபோனதுதான் நோய். ‘வந்துட்டே இருக்கா’ என்ற வாக்கியம் மூன்று நாளில் எத்தனை முறை பொய்த்ததோ, அத்தனை முறையும் அவன் அதைக் கற்றுக்கொண்டான்: பெரியவர்கள் ‘வந்துருவா’ என்று சொன்னால் வராமலும் போகலாம். அதனால், மற்றக் குழந்தைகளை ஆற்றும் ‘சாயங்காலம் வந்துருவேன்’ இவனைப் பதறவைத்தது.

நெருக்கமானவரைப் பிரிவதில் அளவுகடந்து பயப்படும் இந்த நிலையைப் பிரிவுப் பதற்றக் கோளாறு என்று குறிக்க, குழந்தைகளிடம் அறிகுறிகள் குறைந்தது நான்கு வாரம் நீடிக்க வேண்டும். இவனிடம் ஏழு மாதமாக இருந்தன. 41 வினாக்கள் கொண்ட, உலகெங்கும் பயன்படும் குழந்தைப் பதற்ற மதிப்பீட்டுப் படிவத்தில் 25-ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். தாய் நிரப்பிய படிவத்தில் 38 வந்தது. அதில் பிரிவு குறித்த எட்டு வினாக்களில் மட்டும் 16-க்கு 13.

ஏன் இவனுக்கு மட்டும்?

அதே மாடியில் அந்த மூன்று நாளும் இன்னும் பல குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள். ‘இவனுக்கு மட்டும் ஏம்மா இப்படி?’ என்று தாய் கேட்டபோது, அவருடைய குரலில் குற்ற உணர்வு இருந்தது. அன்றைக்கு ஊருக்குப் போனதே தப்பு என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

குழந்தைகளின் பதற்றத்துக்கு ஒற்றைக் காரணத்தைத் தேடுவது பெரும்பாலும் யாராவது ஒருவரைக் குற்றவாளியாக்குவதில்தான் முடியும். இவன் கைக்குழந்தையாக இருந்தபோதே கோயிலில் மேளம் முழங்கினால் நீலம் பாரிக்க அழுவானாம். புதுமுகம் கண்டால் தாயின் கழுத்தில் முகம் புதைப்பானாம். இந்த இயல்பை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகன் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்: புதியதைக் கண்டால் ஒடுங்கும் இயல்போடு பிறக்கும் குழந்தைகளிடம், பின்னாளில் பதற்றக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆனால் அப்படிப் பிறந்தவர்களில் பலருக்கு அது வருவதே இல்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளும், பதற்றத்தில் மரபின் பங்கு பாதிக்குக் குறைவு என்றே காட்டுகின்றன. இயல்பு மண்ணைப் போன்றது. விதை வேறு, தண்ணீர் வேறு.

விதை அந்த மூன்று நாள். அதுவும் தனியாக விழவில்லை. தந்தை ஏற்கெனவே தூரத்தில் இருப்பவர். விமான நிலையத்தில் கையசைத்துப் போனால் இரண்டு ஆண்டு கழித்துத்தான் வருவார் என்பதை மூன்று வயதிலிருந்து பார்த்தவன் இவன். பிறகு, ஆறு மாதம் வீட்டுக்குள் அடங்கியிருந்த பயத்தை ஜூனில் பள்ளி மாற்றம் கிளப்பிவிட்டது. பழைய பள்ளியில் இடைவேளைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தாயின் குரல் கேட்கும். புதிய பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆறு இருக்கிறது. அவனுடைய கணக்கில், தாயைத் தன்னிடமிருந்து பிரித்து வைத்திருந்தது அதே ஆறு. பள்ளி மறுப்பு, பள்ளியில் முதலில் சேரும் வயதிலும் பள்ளி மாறும் காலத்திலும் அதிகம் தலைகாட்டுவதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

தாயின் பதற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. மகன் தும்மினால் எழுந்து உட்காருவார். வேன் ஐந்து நிமிடம் தாமதித்தால் தெருமுனைக்கு ஓடுவார். குழந்தை ஆபத்தை அளப்பது தாயின் முகத்தை வைத்து. வாய் ‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லும்போது முகம் வேறொன்றைச் சொன்னால், குழந்தை முகத்தைத்தான் நம்பும்.

பயத்துக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

இந்த நிகழ்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: பயத்தைத் தொடங்கியது ஒன்று, அதை உயிரோடு வைத்திருந்தது வேறொன்று. 1947-இல் ஓ. ஹோபார்ட் மௌரர் என்ற உளவியலாளர் விளக்கிய வழி இன்றும் பயன்படுகிறது. ஒரு நிகழ்ச்சியால் பயம் ஒட்டிக்கொள்கிறது; பிறகு, பயப்படும் இடத்தைத் தவிர்க்கும்போது கிடைக்கும் நிம்மதி, அடுத்த முறையும் தவிர்க்கத் தூண்டுகிறது. தவிர்க்கத் தவிர்க்க, பயந்தது நடக்கவில்லை என்பதைக் கண்டறியும் வாய்ப்பே குழந்தைக்குக் கிடைப்பதில்லை.

இந்த வீட்டில் அதுதான் அன்பின் வடிவத்தில் நடந்துகொண்டிருந்தது. வயிறு வலித்தால் வேன் திருப்பி அனுப்பப்பட்டது. அரை மணியில் வலி நின்றது. அழுதால் பீடிக் கடைக்கு ஆச்சி போனார். ஜூலையில் தாய் இரண்டு வாரம் பள்ளியின் வராந்தாவிலேயே தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு வாரமும் வயிற்றுவலி இல்லை, மூன்றாம் வாரம் முன்னைவிடக் கடுமையாக வந்தது. ‘வருவியாம்மா?’ என்று ஒரு நாளில் இருபது முறை கேட்டால், இருபது முறையும் பதில் சொன்னார்கள். இவற்றில் எதையும் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயால் இருக்க முடியும்? ஆனால் ஒவ்வொரு ஆறுதலும், ‘நீ பயந்தது சரிதான், அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் உன்னால் முடியாது’ என்ற செய்தியையும் சேர்த்தே அவனிடம் கொண்டுபோனது.

மறுமுனையில் வேறொரு முறையும் முயன்று பார்க்கப்பட்டிருந்தது: ஒருநாள் கையைப் பிய்த்து வேனில் ஏற்றிவிட்டார்கள். அன்று அவன் வேனிலேயே வாந்தி எடுத்தான். பிறகு பத்து நாள் வேன் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்தான். தயார் செய்யாமல் தள்ளிவிடுவது, பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சை ஆகாது.

சிகிச்சை

மாத்திரை வேண்டுமா என்பதைத் தாய் முதலிலேயே கேட்டார். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினரும், பதற்றத்துக்கான செர்ட்ராலின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினரும், இரண்டையும் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 விழுக்காட்டினரும் நன்கு தேறினார்கள். மருந்துக்கு உரிய இடம் உண்டு. இவனுடைய வயதையும், குடும்பம் ஒத்துழைக்கும் என்பதையும் பார்த்து, மனநல மருத்துவரோடு கலந்து, மருந்தில்லாமல் தொடங்கி மூன்று மாதத்தில் மறுபரிசீலனை செய்வதென்று முடிவெடுத்தோம்.

பயத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். எண்கள் அவனுக்கு ஒட்டவில்லை. ஆற்றில் நிற்பதைப் போலச் சொல்லச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டான். கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து, முங்கல். தாய் புறவாசலில், கதவு சாத்தியிருக்கிறது: கணுக்கால். தாய் தெருமுனைக் கடைக்குப் போகிறார், கையில் கைபேசி உண்டு: முழங்கால். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்: இடுப்பு. பீடிக் கடையில் கூட்டம், எப்போது வருவார் என்று தெரியாது: கழுத்து. வேனில் தனியாகப் பாலத்தைக் கடந்து பள்ளிக்குப் போய் மாலை வரை இருப்பது: முங்கல்.

படிகளை அவனே வரிசைப்படுத்தினான். ஒவ்வொன்றையும் பயம் ஒரு படி இறங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தோம். இந்த முறை புதிதல்ல. முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனுக்கு, அவன் விரும்பித் தின்னும் பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டை நாளுக்கு நாள் பக்கத்தில் நகர்த்தி, பயத்தைக் கரைத்ததை மேரி கவர் ஜோன்ஸ் 1924-லேயே பதிவு செய்திருக்கிறார். இங்கே நாங்கள் சேர்த்தது ஒன்று. வழக்கமான பயிற்சியில் தாய் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவார், நம்பிக்கை வளரும். இவனுக்கு அது போதாது. சொன்ன நேரம் தவறும்போதும் உலகம் முடிந்துவிடாது என்பதை இவன் கற்க வேண்டியிருந்தது. ஆகவே ஐந்தாம் வாரத்திலிருந்து, அவனுக்கும் தெரிவித்துவிட்டே, தாய் வேண்டுமென்று பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒருநாள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் கழுத்துவரை ஏறிய தண்ணீர், தாய் வருவதற்கு முன்பே இடுப்புக்கு இறங்கியதாக அவனே சொன்னான்.

பெரியவர்களின் பேச்சை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. ‘ஒண்ணும் ஆகாது’, ‘வந்துருவேன்’, ‘பயப்படாத’ மூன்றையும் வீட்டில் நிறுத்தினோம். அவற்றின் இடத்தில் தாய் சொல்லப் பழகியது: ‘உனக்குப் பயமாத்தான் இருக்கும். ஆனா நீ சமாளிச்சிருவ.’ எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டால் ஒருமுறை மட்டும் பதில். உறுதியாகத் தெரியாவிட்டால் ‘தெரியல’ என்ற பதில். ஆச்சிக்கு இது கல் நெஞ்சமாகப் பட்டது. ‘பச்சப் பிள்ளகிட்ட தெரியலன்னு எப்படிம்மா சொல்லுதது?’ என்று என்னிடம் அழுதார். அந்த மூன்று நாளும் மாடியில் அவனைத் தன் முந்தானைக்குள் காத்தவர் அவர். அவரைக் குற்றவாளியாக்காமல் இதைப் புரியவைக்க இரண்டு அமர்வுகள் தேவைப்பட்டன. பள்ளியில் வகுப்பாசிரியை பெரிதும் உதவினார்: வலி வந்தால் வீட்டுக்குத் தொலைபேசி இல்லை, கால் மணி நேரம் நூலகத்தில் இருந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பலாம் என்று ஏற்பாடு செய்தார்.

தாய்க்குத் தனியாக நான்கு அமர்வுகள் நடந்தன. அவர் தூங்கத் தொடங்கிய பிறகுதான் மகனின் முன்னேற்றம் வேகமெடுத்தது என்பது என் கணிப்பு.

நவம்பர் இறுதியில் அவன் வாரத்தில் ஐந்து நாளும் வேனில் போனான். மாத்திரை தேவைப்படவில்லை.

பின்னடைவும் இப்போதைய நிலையும்

2024 டிசம்பர் 12, 13 தேதிகளில் எங்கள் பக்கம் மறுபடியும் பெருமழை பெய்து தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை. தாய் வீட்டில்தான் இருந்தார். ஆனாலும் விடுமுறை முடிந்ததும் வயிற்றுவலி திரும்பியது. செருப்பும் ஒருநாள் காணாமல் போனது. தாய் உடைந்துபோய் வந்தார். இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். சொல்லி வைத்திருப்பது பாதி மருந்து. பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய கற்றல் படிகிறது. பழைய சூழல் திரும்பினால் அடியில் இருப்பது மேலே வரும். புதிதாக எதுவும் செய்யவில்லை. இடுப்புப் படியிலிருந்து மறுபடி தொடங்கினோம். முதல்முறை ஏழு வாரம் எடுத்ததை இம்முறை பதினொரு நாளில் கடந்தான்.

2025 ஏப்ரலில், கோடை விடுமுறையின் தொடக்கத்தில், தாய் அதே தங்கை வீட்டுக்கு ஓர் இரவு தனியாகப் போய்வந்தார். படிகளில் அது முன்பு இல்லை; சிறுவனே, ‘முங்கலுக்கும் மேல’ என்று சொல்லிச் சேர்த்தது. இரவு எட்டு மணிக்கு ஆச்சியிடம், அம்மா நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டிருக்கிறான். ஆச்சி ‘தெரியல மக்கா’ என்றிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவன் தூங்கிவிட்டதாகவும், தனக்குத்தான் விடியும்வரை தூக்கம் வரவில்லை என்றும் ஆச்சி என்னிடம் சொன்னார்.

மதிப்பீட்டுப் படிவத்தில் இப்போது 17. தேர்வு நாட்களில் வயிறு இன்னும் வலிக்கிறது, வலியோடு போகிறான். கைபேசியின் சார்ஜைப் பார்க்கும் பழக்கம் முழுதும் போகவில்லை. தந்தை அடுத்து விடுப்பில் வரவிருக்கிறார். அவர் திரும்பிப் போகும் நாளை மனத்தில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அமர்வுகள் குறித்திருக்கிறோம்.